ஈரத்தில் பதிந்த இரண்டு விரல்கள்

காலை பத்து இருபதுக்கு என் மகள் ஈரத் தாளை இரண்டு விரல்களால் தட்டினாள். திண்டிவனத்தில், வீட்டில், அவள் டேப்லெட்டில்தான் வாட்டர்கலர் வரைவாள். வண்ணம் நிஜம்போலவே கசிந்து பரவும். இரண்டு விரலால் தட்டினால் கடைசியாகத் தீட்டியது மறைந்துவிடும். விழுப்புரத்தில் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வில் நிஜ வண்ணம், ஒரே தாள். கை பழக்கத்தில் தட்டிவிட்டது. நீல வானத்தில் இரண்டு வெளுத்த தடங்கள். அவள் தலை குனிந்ததை ஜன்னல் வழியே பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே கேட் அருகே வந்து நின்றுகொண்டேன்.

மதியம், விரல்களில் நீலத்தோடு வந்தாள்.

"என்னாம்மா பண்ண?"

"அழிக்க முடியலப்பா. ரெண்டு கொக்கா மாத்திட்டேன். ஒண்ணுக்கு மட்டும் கழுத்து கோணல். நீ ஏன் பேஜாராயி நின்னுக்கினு இருக்க? வா, சாப்புடலாம்."