மூன்றாவது பெண்ணின் முகம்

என் மனைவியைப் புகைப்படம் எடுக்க மாமியார் விடவே இல்லை. பிள்ளைத்தாய்ச்சியை கேமரா முன்னால் நிறுத்தினால் ஆயுசு குறையுமாம். அதனால் அவள் முகம் என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நானே எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியது. அதுவும் ஒரு வெள்ளைக்காரியின் உடம்பின் மேல்.

சுதந்திரம் வந்த புதிதில் கன்டோன்மென்ட் துரைமார்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறினார்கள். அவர்கள் சாமானை ஏலம் விட்டபோது, மற்றவர்கள் மேசை நாற்காலிக்கு அடித்துக்கொள்ள, நான் ஒரு சாயப்பெட்டியையும் பழைய சீமை ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியையும் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த எங்கள் ஜீவனஹள்ளிக்கு வந்தேன். பட்டறையில் இரும்பு அராவுகிறவனுக்கு இது எதற்கு என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். படத்தில் மூன்று பெண்கள் மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து வரைந்தே கற்றுக்கொள்வதென்று பிடிவாதமாக இருந்தேன்.

சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாடை பட்டாலே மசக்கையிலிருந்த என் மனைவிக்குக் குமட்டியது. ஆகவே கொல்லையில் கொய்யா மரத்தில் ஏணியைச் சாய்த்து, அதில் துணிச்சட்டத்தைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியிலேயே வரைந்தேன். இரண்டு பெண்கள் ஒருவழியாக வந்துவிட்டார்கள். அச்சுப் பிரதியில் மூன்றாவது பெண்ணின் முகத்தைப் பூச்சி அரித்திருந்தது. என் மனைவியையே உட்காரச் சொன்னேன்.

"வெள்ளக்காரி ஒடம்புல என் மூஞ்சியா? நல்லாத்தான் இருக்கும், போங்க."

"உங்கம்மா திட்டுவாங்களா?"

"போட்டோதான புடிக்கக் கூடாதுன்னுச்சு. இது போட்டோவா?" என்று சொல்லி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முகத்தை ஆரம்பிக்கும்போதே சாயத்தில் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துவிட்டது. கடை திறந்திருக்காது. அவள் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் சீசாவை வெயிலில் வைத்து உருக்கி எடுத்து வந்தாள். "இதுவும் எண்ணெதானேங்க, ஊத்துங்க." எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அது மார்கழி. மறுநாள் காலையில் முகம் இறுகியிருந்தது. மற்ற இரண்டு பேரும் காய வாரக்கணக்கில் ஆயிற்று, இவள் ஒரே ராத்திரியில் காய்ந்துவிட்டாளே என்று பூரித்துப் போனோம். சீசாவும் அதே குளிரில் மறுபடி உறைந்து கிடந்தது. இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. சோதித்துப் பார்க்கிறேன் என்று அவள் படத்தின் கன்னத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். அரிவாள்மனை வெட்டிய தழும்போடு அச்சு பதிந்துவிட்டது. நான் கத்தினேன். அவள் சிரித்தாள்.

தையில் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வேலூரில் தாய்வீட்டுக்குப் போகும்போது, "நான் வந்தப்புறம் சரி பண்ணலாம், அதுவரைக்கும் கைய வெக்காதீங்க" என்றாள். படத்தைச் சாக்குப் போட்டு மூடி, கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

பங்குனியில் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பும்போது ரயிலில் எனக்கு இருந்த ஒரே நினைப்பு அந்தக் கட்டைவிரல்தான். அது இருக்கிறது, அது போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டைக்கூடத் திறக்காமல் நேரே கொல்லைக்குப் போய்ச் சாக்கை எடுத்தேன். வெயில் கொளுத்தியது. இரண்டு வெள்ளைக்காரிகளும் கல் மாதிரி காய்ந்து, அழகாகப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் முகம் கழுத்து வழியாக வழிந்து மடியில் இறங்கியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மார்கழியில் அந்தச் சாயம் வழிந்த இடத்திலேயே மறுபடி இறுகியது. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். தழும்பில்லாத என் விரல்தான் பதிந்தது.