பெட்டி மூடியில் சிவப்புச் சாயம்

சூலியா தெருவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்கு மீன் வரும் வெள்ளை நுரைப்பெட்டிகளின் மூடிகளை என்னால் குப்பையில் வீச முடிவதில்லை. அப்படி ஒரு மூடியில்தான், முன்பு எனக்கு வேலை கொடுத்த இறால் குளத்துக்கார அக்கா சிவப்புச் சாயத்தால் எழுதினார்: "தண்ணியில நோய். ஏத்தாதீங்க." கீழே அதையே மலாய் மொழியிலும்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பல ஊர் சுற்றிய பிறகு, ஜுருவுக்குத் தெற்கே அக்காவின் இரண்டு இறால் குளங்களில் கூலிக்குச் சேர்ந்தேன். படுக்க ஒரு பலகை, மூன்று வேளைச் சோறு. அந்தப் பக்கத்துக் குளங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கால்வாய். அதிலிருந்துதான் பம்ப் வைத்துக் குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள், அதிலேயே இறக்குவார்கள். இறாலுக்கு என்ன வந்தாலும் தீவனம் விற்கும் ஏஜென்டைத்தான் கேட்போம். குளத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்தியவரும் அவரே. எதைக் கேட்டாலும் பதில் அவருடைய வண்டியில் மூட்டையாக இருக்கும்.

ஒரு காலை இறால்கள் சோர்ந்து கரையோரம் ஒதுங்கின. ஓடு முழுவதும் வெண்புள்ளி. ஏஜென்ட் வந்து பார்த்தார்.

"வெளிய சொல்லாதீங்கக்கா. இன்னிக்கே அள்ளி வித்துட்டு, தண்ணிய கால்வாயில தொறந்து விட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

அவர் கடைசியாகச் சொன்னதில்தான் நோய் எங்களிடம் வந்த வழி அக்காவுக்கு விளங்கியது.

அக்கா எங்கள் மதகை அடைத்தார். குழுவில் செய்தி போட்டார். சற்று நேரத்தில் அந்தச் செய்தியும் இல்லை, குழுவில் அக்காவும் இல்லை. அதன் பிறகுதான் அந்த மூடியை எழுதிக் கால்வாய் முகப்பில் கட்டினார்.

பக்கத்துக் குளத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து வந்தார். "கழட்டு லா அக்கா! இதப் பாத்தா இறால் வாங்குற லோரி இந்தப் பக்கமே வராது!"

"உன் இறால் செத்தா லோரிக்காரன் வந்து அழுவானா?"

அவர் மூடியைப் பிய்த்து எறிந்தார். அக்கா இன்னொன்றை எழுதினார். அதையும் பிய்த்தார்.

"மூடி நெறைய இருக்கு தம்பி. நீ பிச்சிக்கிட்டே இரு."

லோரி வரவில்லை. எங்கள் இறால் மொத்தமும் செத்தது. தண்ணீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல், நோய்க்கிருமி சாகக் குளோரின் கொட்டினோம். என் கை வெந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மூடியைப் பிய்த்தவரின் பம்பும் அந்த வாரம் முழுக்க ஓடவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். ஏஜென்டின் குழுவில் இன்னமும் தீவன மூட்டைப் படங்கள்தான் வருகின்றனவாம். பக்கத்துக் குளத்து மதகில் ஒரு நுரைப்பெட்டி மூடி தொங்கியது. சிவப்பு எழுத்தில் அதே எச்சரிக்கை, அன்று பிய்த்து எறிந்தவரே எழுதியது. அக்கா நின்று பார்த்தார்.

"எழுத்து கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டு, எங்கள் மதகை அடைக்கப் போனார்.

"குப்பைய ஏன்டா சேக்குற?" என்று கடை முதலாளி இன்றும் திட்டினார். மூடிகளைக் கழுவி, கட்டி, ஜுரு பக்கம் திரும்பும் மீன் வண்டியில் ஏற்றிவிட்டேன்.