என் வாயில் பேசியவர்கள்

டி. நகரில் ஒரு மாடி ஒலிப்பதிவு அறையில்தான் எனக்கு முதல் அறிகுறி வந்தது. அது அறிகுறி என்று அப்போது தெரியவில்லை. யாரோ ஒரு பெண் நன்றாக வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஹெட்ஃபோனில் கேட்ட குரல் நிறுத்தி நிதானமாக இருந்தது. யார் இவள், நம்மைவிட நன்றாக வாசிக்கிறாளே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் சொன்னார். “மேடம், பேப்பர் எப்பவோ முடிஞ்சிடுச்சு. நீங்க இன்னும் படிச்சிக்கினே இருக்கீங்க.”

குனிந்து பார்த்தேன். தாளின் கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. அதன்மேல் என் வலது கை கிடந்தது. எடுக்க நினைத்தேன், அது எழவில்லை. வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ வாசித்த ஓர் ஓவியரின் வார்த்தைகளும், வேறொரு சிற்பியின் வார்த்தைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் பின்னணிக் குரல் கொடுப்பவள். பல ஆண்டுகளாகத் தினமும் காலையில் கைபேசியில் கேட்கும்படி ஒரு சிறு நிகழ்ச்சி செய்துவந்தேன். புகழ்பெற்ற ஓவியர், எழுத்தாளர், இசைக்கலைஞர் என்று யாராவது ஒருவரின் வாழ்க்கையில் ஒரு சம்பவம், முடிவில் அவர் சொன்னதில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை இரண்டு முறை சொல்வேன். கேட்பவர் மனதில் நிற்க வேண்டும் என்பதற்காக. என் மனதிலும் நின்றுவிட்டது. வறுமை, பழி, புத்திரசோகம் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வேலை செய்தவர்கள் அவர்கள். எனக்குக் கஷ்டம் வந்த நாட்களில் அவர்களைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்து ஒரு குழாய் அடைத்திருந்தது. உறைவைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தேன்.

மறுநாள் டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி, “இது என்னம்மா?” என்று கேட்டார். பேனா என்று எனக்குத் தெரியும். அதன் நிறம், அதன் மூடியில் இருந்த கீறல் எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தேன். ஒரு கவிஞர் வெளிச்சத்தைப் பற்றிச் சொன்ன முழு வாக்கியம் வந்தது. பழக்கம் விடவில்லை, இரண்டாம் முறையும் சொன்னேன்.

என் கணவர் பாஸ்கரின் முகம் மலர்ந்தது. “பேசிட்டா டாக்டர்.”

“சார், இது பேச்சு இல்ல. பேச்சு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

எனக்கு வந்திருப்பது அஃபேசியா (மூளையில் மொழியைக் கையாளும் பகுதி அடிபட்டு, நினைப்பது சொல்லாக வராமல் போவது) என்று விளக்கினார். ஆனால் தானியங்கிப் பேச்சு (கிழமைகள், எண்கள், ஸ்லோகம் போலப் பலமுறை சொல்லிப் பழகியவை தாமாக வாயில் வருவது) சிலருக்கு மிஞ்சுமாம். அதே வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு மிஞ்சியது கெட்ட வார்த்தை. காப்பி வேண்டுமென்றாலும் அதுதான், மகளைக் கொஞ்சவும் அதுதான். அவர் மனைவி கூனிக்குறுகிப் போவார். எனக்கு அந்தப் பெரியவர்மேல் பொறாமையாக இருந்தது. அவர் திட்டும்போது அந்தக் கோபமாவது அவருடையதாக இருந்தது. எனக்கோ எதுவுமே சொந்தமில்லை. நாக்கு அசைவதை உணர்வேன், என்ன வரப்போகிறது என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் காத்திருப்பேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பாஸ்கர் நல்ல மனிதர். எனக்குத் தெம்பு வரட்டும் என்று என் பழைய பதிவுகளைக் கூடத்தில் வரிசையாக ஓடவிட்டார். மதியம் நான் அறையில் படுத்திருப்பேன். கூடத்தில் நான் பேசிக்கொண்டிருப்பேன். சிரிப்பேன், மூச்சு வாங்குவேன், ஒரு கலைஞரின் சாவைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். பாஸ்கர் அதற்கு “ம்” கொட்டுவது கேட்கும். கட்டிலில் கிடப்பது யார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இடது கையால் வலது கையைத் தொட்டுப் பார்ப்பேன். அது வேறு யாருடைய கையோ போலக் குளிர்ந்து கிடக்கும்.

உறவினர்களிடம் அவர் போனில் சொன்னது இது. “நல்லா பேசுறா. முன்னவிட நல்லாவே பேசுறா.”

அதுதான் வினையாயிற்று. பார்க்க வந்தவர்கள் தங்கள் கவலையைச் சொல்வார்கள். என் வாயிலிருந்து ஏதோ ஒரு கலைஞரின் வாக்கியம் வரும். அது எப்படியோ அவர்கள் கவலைக்குப் பொருந்திவிடும். கீழ்வீட்டுப் பெண் மகளின் வரனைப் பற்றிக் கேட்டாள். நான் தண்ணீர் கேட்க வாயெடுத்தேன். பொறுமையைப் பற்றி ஒரு சிற்பி சொன்னது வந்தது. அடுத்த மாதம் நல்ல வரன் அமைந்தது. எங்கள் தெருவில் இந்த மாதிரி விஷயம் பரவக் கேட்கவா வேண்டும்? வெள்ளிக்கிழமைகளில் பழத்தட்டும் மல்லிகைப் பூவுமாக வர ஆரம்பித்தார்கள். அருள்வாக்கு என்றார்கள். என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க முயன்றால் அதற்கும் ஒரு வாக்கியம் வந்தது.

எதிர்வீட்டு வசந்தா மாமி அப்படித்தான் வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் நிகழ்ச்சியை ஒருநாள் தவறாமல் கேட்டவர். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சுமதி, மார்ல ஒரு கட்டி. பயாப்ஸி பண்ணினா. கேன்சர்னு சொல்லிட்டா. ஒடனே ஆபரேஷன் பண்ணணுமாம். எனக்கு பயமா இருக்கு. நீ என்ன சொல்றே?”

பயாப்ஸி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவே வந்துவிட்டது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? போங்கள், இன்றைக்கே போங்கள் என்று சொல்ல உடம்பெல்லாம் துடித்தது. வாயைத் திறந்தேன்.

விரிசல் விட்ட தன் வாத்தியத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்காமல், அந்த விரிசலோடேயே கடைசிவரை வாசித்த ஒரு கலைஞரின் வார்த்தைகள் வந்தன. எனக்கு மிகவும் பிடித்தவை. எத்தனையோ பேர் அதைக் கேட்டு அழுததாக எழுதியிருக்கிறார்கள். குரல் அன்று என்றுமில்லாத அளவு இனிமையாக இருந்தது.

மாமியின் கண்ணில் நீர் வழிந்தது. “புரிஞ்சுடுத்து” என்றார்.

இல்லை என்று தலையசைத்தேன். ஆனால் இந்த நோயில் ஆமாம் இல்லை இரண்டும் இடம் மாறிவிடும். தலை எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சில நாள் கழித்துச் சாப்பிடும்போது பாஸ்கர் சொன்னார். “மாமி ஆபரேஷன் வேணாம்னுட்டாங்களாம். ஏதோ மூலிகைச் சாறு குடிக்கிறாங்க. நீதான் சொன்னியாமே?”

மாமியின் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன், மார்பைத் தட்டினேன், வாசலைக் காட்டினேன். மாமிக்கு நெஞ்சுவலி என்று எடுத்துக்கொண்டு பாஸ்கர் அவர் வீட்டுக்கு வெந்நீர்ப் பை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். எழுத்தும் அதே பகுதியில்தான் இருக்கிறது. இடது கையில் பென்சிலைப் பிடித்தால் வெறும் சுழிகள் வந்தன.

அடையாற்றில் பேச்சுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். பயிற்சியாளர் கயல்விழி, எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். எந்தச் சொல் முதலில் வேண்டும் என்று படங்களைப் பரப்பினாள். நான் ஆஸ்பத்திரிப் படத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தேன். எனக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம் என்று நினைத்து என் கையைத் தடவிக் கொடுத்தாள். ஆனால் அவள் சொன்ன ஒன்று என்னை நிமிர வைத்தது.

“மேடம், அந்தப் பெரிய வாக்கியம் வரும்போது வாய மூடிக்கோங்க. அதை வெளிய விட விட அதுக்கு வழி பழகிடும். உங்க வார்த்தைக்கு வழி இருக்காது. கொஞ்ச நாள் ஊமையா இருக்கறது மேல்.”

பயிற்சி எளிமையானது. சொல்லை ராகம் இழுப்பதுபோல் நீட்ட வேண்டும், இடது கையால் அதற்குத் தட்ட வேண்டும். மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம். வாக்கியங்கள் தொண்டைவரை வந்து நின்றன. உதட்டை அழுத்திக்கொண்டால் மூக்கு வழியாக முனகலாக வந்தன. தூக்கத்தில் நான் பேசுவதாகப் பாஸ்கர் சொன்னார். ஒன்றுவிடாமல், தெளிவாக, இரண்டு இரண்டு முறை.

பகலில் நான் மௌனமானதும் அவர் உடைந்து போனார். “நல்லா வர்றத எதுக்கு நிறுத்தணும் சுமதி? அந்தப் பொண்ணு உன்னைக் கெடுக்குறா.” பதிவுகளின் ஒலியைக் கூட்டி வைத்தார். வீட்டில் என்னைத் தவிர எல்லா இடத்திலும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாமி மறுபடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மெலிந்திருந்தார். கையில் பூச்சரம். கூடத்தில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றும்போதே கும்பிட்டார்.

“டாக்டர் ஆத்துக்கே போன் பண்ணிண்டிருக்கார். நான் எடுக்கறதில்லை. அன்னிக்குச் சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு. தைரியமா இருக்கும்.”

அது வந்தது. கேட்டவுடன் எழுந்து வந்தது. பல்லுக்குப் பின்னால் முழுதாக நின்றது. இவ்வளவு அழகான ஒன்றை விழுங்குவது எனக்குத் துக்கமாகக்கூட இருந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமி பயந்துவிட்டார்.

பிறகு கையை எடுத்து மாமியின் முழங்காலில் தட்டினேன். காற்றுதான் வந்தது. மறுபடி தட்டினேன்.

“நா...” என்றேன். கரகரத்த, குழறிய, நான் அதுவரை கேட்டே இராத குரல். “நா... இல்ல.”

“என்னடி சொல்றே?”

கூடத்தைக் காட்டினேன். என் வாயைக் காட்டினேன். “அது... நா... இல்ல.”

கூடத்தில் என் குரல் யாரோ ஒருவரின் கடைசி நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமி அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளிறியது.

“நீ இல்லையா? அப்போ அன்னிக்கு எங்கிட்ட பேசினது யாரு?”

மாமியின் மார்பைத் தொட்டு, வாசலைக் காட்டி, இன்னும் ஒரு சொல்லைத் தட்டித் தட்டி எடுத்தேன். “போ...ங்க.”

அறை வாசலில் நின்றிருந்த பாஸ்கர் கூடத்துக்குப் போய்ப் பதிவை நிறுத்தினார். மேலே பாலத்தில் பறக்கும் ரயில் போகும் சத்தம் கேட்டது. அது இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். மாமி பூவை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போனார். வேளச்சேரியில் இருக்கும் மாமியின் மகன் மறுநாள் வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

அறுவை சிகிச்சை நடந்தது. நிணநீர்க் கணுக்களுக்கு (அக்குளில் இருக்கும், நோயை எதிர்க்கும் சிறு முடிச்சுகள்) நோய் பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் பரவியிருக்காதா என்று மாமி கேட்டாராம். சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். இப்போது கீமோ (ரத்தத்தில் மருந்து ஏற்றும் சிகிச்சை) நடக்கிறது. மாமி என்னைக் குறை சொல்லவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களின் வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நோயாளி ஸ்லோகமோ பாட்டோ பெரியவர்களின் பொன்மொழியோ தடையில்லாமல் சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேளுங்கள். அதற்குத் திக்கித் திணறி ஒரு சொல் வந்தால் அதுதான் அவர்.

அந்தக் கலைஞர்களை நான் வெறுத்துவிட்டேனா என்று கயல்விழி கேட்டாள். இல்லை. இன்னும் அவர்கள் வாழ்க்கையைத்தான் படிக்கிறேன், ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது. முன்பு அவர்கள் சொன்னதைத் தேடிப் படிப்பேன். இப்போது கை நடுங்கிய காலம், காது கேட்காத காலம், ஒன்றும் வராமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம், இவற்றைத் தேடுகிறேன். அங்கே அவர்கள் எனக்கு நெருக்கமாக இருக்கிறார்கள். எழுத்து மெல்லத் திரும்பியபின் இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் கைபேசியில் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். திருத்தக் கூடாது என்று பாஸ்கருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நடக்கும்போது உடம்பின் வலது பக்கம் இப்போது எனக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. நினைப்புக்கும் சொல்லுக்கும் நடுவே முன்பு இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. என் நாளில் பாதி அந்த இடைவெளியில்தான் கழிகிறது. நான் அங்கே தனியாக இல்லை. களைத்திருக்கும்போது அந்தக் கலைஞர்கள் எல்லோரும் வந்து வாயருகே நிற்பது தெரியும்.

மாமி சாயங்காலங்களில் வருகிறார், தலையில் துணி கட்டிக்கொண்டு. நான் எதைச் சொன்னாலும், குழம்பு நன்றாக இருந்தது என்று சொன்னால்கூட, என் வாயையே பார்த்துவிட்டுக் கேட்கிறார். “இது நீதானே?”

“நான்தான்” என்கிறேன். வழக்கமாக அது குழறித்தான் வரும். என்றைக்காவது தெளிவாக, இனிமையாக வந்துவிட்டால், மாமி போனபிறகு வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.