கிணற்றுக்குள் திருக்கை

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். 1946-ல், திருத்தணிக்கு வெளியே, பட்டப்பகலில் நடந்தது.

சடகோபன் பெரிய பீற்றல்காரன். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை செய்தவன். தலையில் செம்புக் கூண்டு, மூச்சுவிடக் காற்றுக் குழாய். அங்கே கட்டில் அகலத் திருக்கை மீன் ஒன்று அவன் மேலேயே வந்து படுத்ததாம், கத்தியைக் காட்டி விரட்டினானாம். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துவிட்டது. குளத்தில் முங்குகிற நம்மையெல்லாம் தவளை என்பான்.

மச்சினன் பங்காருவைத் தவளையாகக்கூட மதிக்கவில்லை. பங்காரு சைக்கிள் ரிப்பேர்க்காரன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் பட்டால் நடுங்குபவன்.

ராஜவேலுவின் வயல் கிணற்றில், தண்ணீர் இறைக்கிற இஞ்சின் குழாயின் வாய் அடைத்துக்கொண்டது. நாற்று கருகியது. முங்கிச் சரிசெய்கிறேன் என்று சடகோபன் மார்தட்டினான். முத்துக் குளிப்பவர்கள் இடுப்புக் கயிற்றை மனைவியின் சகோதரன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலி அறுபட அவன் விடமாட்டான் அல்லவா? ஊருக்கு இதைச் சொன்னவனே சடகோபன்தான். அதனால் மனைவி பூவம்மாள், தம்பியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அவன் சிரித்தான்.

"அவன் கையிலயா? கல்தூண்ல கட்டிகினு எறங்கறேன். கல்லு பயப்படாது."

கட்டினான். ராஜவேலு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தான். கிணற்றடியில் ஒருவரும் இல்லை. வீராதி வீரன் குதித்தான்.

தண்ணீர் உதட்டில் பட்டது. கரித்தது... கடல் தண்ணீர் மாதிரி.

குழாயின் வாயைத் தடவினான். அடைத்திருந்தது பாசி இல்லை. மெத்தென்று இருந்தது. அகலமாக...

அசைந்தது.

கிணற்றின் தரையே மெல்ல எழுந்தது. வால் ஒன்று காலைச் சுற்றியது. பாரமாக ஏதோ மார்பில் வந்து படுத்தது. கையில் கத்தி இல்லை. மூச்சுக்குக் குழாய் இல்லை.

கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான்... கல் என்ன செய்யும்?

மேலிருந்து யாரோ இழுத்தார்கள்.

சரக்... சரக்...

படியில் வந்து விழுந்தான். நிமிர்ந்து பார்த்தான். யாரும் இல்லை. தூணில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கிணற்றுக்குள் வீசிவிட்டு, கோவணத்தோடு கடைத்தெருவுக்கு ஓடினான் அந்தச் சூரன்.

பங்காருவின் கடையில் கூட்டம். காலையிலிருந்து அவன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று வெறுங்காற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினானாம். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. மூடிய விரல்களை நாலு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. பூவம்மாள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சடகோபனைக் கண்டதும் பங்காருவின் முகம் வெளுத்தது.

"நீ மேல வந்துட்டியா, பாவா?"

"ஆங்..."

"அப்ப கீழேருந்து இன்னும் இழுத்துகினு இருக்கறது யாரு?"