அக்கா பேரில் வந்த நோட்டீஸ்

எங்கள் ஊரில் பனியன் கம்பெனி வளர்ந்தால் அதைப் பெரிதாக்க மாட்டோம், பக்கத்தில் இன்னொன்று தொடங்குவோம். ஒரே பேரில் வருமானம் ஏறினால் வரியும் ஏறுமே! முதல் கம்பெனி என் பேரில், இரண்டாவது மனைவி பேரில். வெளிநாடுகள் இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா முறை போய் ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்த காலத்தில் மூன்றாவதற்குப் பேர் தேடினேன். அக்கா ஞாபகம் வந்தது.

மாமா தவறிய பிறகு அக்கா மகளோடு எங்கள் ஊர் ராயபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். "பேங்க் வேலைங்க்கா" என்று காகிதங்களை நீட்டினேன். எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். மூன்று கம்பெனியும் அருள்புரத்தில் ஒரே கூரைக்குக் கீழேதான் ஓடின. அதே மிஷின், அதே ஆட்கள், பில் புத்தகம் மட்டும் வேறு. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது கம்பெனியை உண்மையில் நடத்துவது யார் என்று கேட்டு வருமான வரி நோட்டீஸ் அக்கா வீட்டுக்குப் போனது. இங்கிலீஷில் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்ல, அதை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி என் ஆபீசுக்கு வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏந் தம்பி, நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்? போலீஸ் ஊட்டுக்கு வருமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, சும்மா விசாரிப்பாங்க."

ஆடிட்டர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "உள்ளதை எழுதிப்போடலாமுங்க. கம்பெனி உங்களுதுன்னு ஒத்துக்கிட்டா வரியும் அபராதமும் கட்டோணும். இல்லாட்டி, அக்காதான் நடத்தறாங்கன்னு எழுதோணும். அவங்க நேர்ல வந்து அதையே சொல்லோணும்."

கட்ட வக்கில்லாமல் இல்லை. புதுக் காருக்கு முன்பணம் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். அக்கா பேரிலேயே பதில் எழுதச் சொன்னேன்.

நூல் எங்கே வாங்குகிறோம், துணி எங்கே சாயத்துக்குப் போகிறது என்றெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொன்னால் எரிந்து விழுந்தேன். பொய் என்னுடையது, திட்டு அவளுக்கு.

விசாரணை நாளில் அக்காவும் ஆடிட்டரும் உள்ளே போனார்கள். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார் அதிகாரி. பெஞ்சில் உட்கார முடியவில்லை. உள்ளே போய், "சார், கம்பெனி என்னுதுங்க" என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சாத்தியிருந்த கதவுவரை போய்விட்டேன். உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"ஆமாங்க சார், எல்லாம் நாந்தானுங்க பாத்துக்கறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தவளின் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. "செரியாச் சொன்னேனா, தம்பி?" என்றாள். தலையாட்டினேன். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பதில் ஏற்கப்பட்டது என்று தபால் வந்ததும் ஒரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வெட்கங்கெட்ட வேலை. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்து தயங்கினாள்.

"உன்றகிட்டக் கேக்கறதுக்கே ஒரு மாதிரியா இருக்குது கண்ணு. என்ற மக பிளஸ் டூ முடிச்சுட்டு ஊட்லதான் இருக்கறா. அந்தக் கம்பெனியில செக்கிங் வேலைக்கு அவளைச் சேத்துக்குவியா?"

காகிதத்தின்படி அந்தக் கம்பெனிக்கு முதலாளி அக்காதான்.

"பாத்துச் சொல்றேங்க்கா" என்றேன்.