எல்லை தாண்டினால் நான் முதலாளி

தாமு அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஆந்திராவில் இருந்தேன். சித்தூரைத் தாண்டி பீலேர் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, பின்னிருக்கையில் எங்கள் பட்டுச்சேலைக் கட்டுகள். "உடம்பு ஒரு மாதிரி கீது வாத்தியாரே, இந்த வாட்டி நீயே போயிட்டு வா" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

போனில் அவருடைய தம்பி குமார்.

"அண்ணன் போயிட்டாருண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்."

"எப்ப எடுக்கறீங்க?"

"ரெண்டு மணிக்கு. தெருவுல ஒரு தறி ஓடல, எடுக்கற வரிக்கும் ஓட்டமாட்டாங்க. பெரியவங்க அவசரப்படறாங்க. ஜல்தி வந்துடுங்கண்ணே."

உடனே திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்தச் சாலையில் திரும்ப வழியில்லை. நடுவில் தடுப்புச் சுவர் முடிவில்லாமல் நீண்டது. கரும்புத் தோட்டம் போனது, வெல்லம் காய்ச்சும் கொட்டகை போனது, ஒரு ஊரே போனது. எங்கள் ஊர் ஆரணி எனக்குப் பின்னால் விலகிக்கொண்டே இருந்தது. வயல்களின் நடுவே இவ்வளவு அகலச் சாலை போட்டவர்களுக்கு, ஒரு மனிதன் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும் என்று தோன்றவேயில்லை.

அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சரிபாதிக் கூட்டாளிகள். எம்.ஃபில். முடித்தும் கல்லூரி வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அதை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்தவர்களை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அப்போது என்னைத் தொழிலுக்குள் இழுத்தவர் தாமு அண்ணன். அதற்காக எல்லாரும் அவரைப் புகழ்கிறீர்கள். எதற்கு இழுத்தார் என்பது எனக்குத்தான் தெரியும்.

எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் சொல்வார்: "வாத்தியாரே, கோடு தாண்டியாச்சு. இனிமே நீ மொதலாளி. வாயத் தொறக்காத."

கடைகளில் சேலை விற்கும்போது தெலுங்கில் அவரே பேசுவார். விலை இறங்கிவரும்போது என்னைக் காட்டி, "எனக்குச் சம்மதந்தான், எங்க முதலாளி ஒத்துக்கணுமே" என்பார். நான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, முடியாது என்பதுபோல் மெல்லத் தலையை அசைக்க வேண்டும். கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார். படித்த படிப்புக்கு எனக்குக் கிடைத்த வேலை அது. "நானும் ரெண்டு வார்த்தை பேசறேனே" என்று ஒருமுறை கோபப்பட்டேன். "உன் மூஞ்சிக்குத்தான் மரியாத. பேசினா பூடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

ஒருமுறை பீலேரில் ஒரு கடைக்காரர் சேலைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தார், பிடி கொடுக்கவில்லை. கோடு தாண்டினால் தமிழ் யாருக்கும் புரியாது என்பது தாமு அண்ணனின் நம்பிக்கை. "கல்லு மாதிரி குந்திகினு கீறான். கெளம்பலாமா?" என்று என்னிடம் சத்தமாகவே கேட்டார். கடைக்காரர் நிமிராமல், "டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுக் கெளம்புங்க. எங்க அம்மா ஊரு கலசப்பாக்கம்" என்றார். நான் முதலாளி என்பதையும் மறந்து சிரித்தேன். தாமு அண்ணன் அசரவில்லை. "பாத்தீங்களா, எங்க மொதலாளியே சிரிச்சிட்டாரு. அதுக்காவது ஒரு விலை சொல்லுங்க" என்றார்.

இதெல்லாம் நினைவுக்கு வந்தபோதும் தடுப்புச் சுவர் முடியவில்லை. டிராக்டர்கள் கடப்பதற்காக ஊர்க்காரர்கள் இடித்து வைத்திருந்த ஒரு சந்தில் கடைசியில் வண்டியைத் திருப்பினேன். ஒரு தக்காளி லாரிக்காரன் என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான்.

ஓரமாக நிறுத்தி, அந்தப் பீலேர் கடைக்காரரை, கலசப்பாக்கத்து அம்மாவின் பிள்ளையை, போனில் கூப்பிட்டு, வரமுடியவில்லை என்று காரணத்தைச் சொன்னேன்.

"அய்யோ. நல்ல மனுஷருங்க, மொதலாளி. உங்க சரக்க தன் சரக்கு மாதிரி பாத்துகினாரு. அந்த மாதிரி வேலையாளு உங்களுக்கு இனிமே எங்க கெடைக்கும்?"

அவர் என் வேலையாள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை வருடம் அவர் கட்டிக் காத்த பொய்யை, அவர் வீட்டில் பிணமாகக் கிடக்கும் நேரத்தில் உடைக்க மனம் வரவில்லை. "கெடைக்கமாட்டாருங்க" என்றேன்.

தெருவுக்குள் நுழைந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த சம்பந்திக்காக ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்களாம். அவர் வந்ததும் எடுத்துவிட்டார்கள். "சொல்லிப் பாத்தேண்ணே, கேக்கல" என்றான் குமார். சம்பந்திக்கு இருந்த ஒரு மணி நேரம் கூட்டாளிக்கு இல்லை. இதை நான் மறக்கப் போவதில்லை.

கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தவர்கள் நீங்கள். எனக்கு மிஞ்சியிருப்பது, பக்கத்து இருக்கையிலிருந்து வருடக்கணக்காகப் பார்த்த இடது பாதி மட்டும்தான்: காதோர நரை, சரியாக மழிக்காத தாடை, ஓட்டிக்கொண்டே ஓயாமல் பேசும் வாயின் ஒரு ஓரம், அதற்குப் பின்னால் ஓடும் மாந்தோப்பு. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது போதவில்லை.