இரண்டு பேட்டரி

எங்கள் ரோபோவுக்குத் தலை பால்மா டின், உடம்பு பிஸ்கட் பெட்டி, கண்ணுக்கு இரண்டு பழைய டோர்ச் பல்பு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் கார் பேட்டரியில் ஓடிய டீவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோபோ படம் போட்டார்கள். வெகுநாள் கழித்து அன்றுதான் தம்பியின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அதனால்தான் செய்தேனே தவிர, கைவேலையில் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி இல்லை.

தம்பிக்கு ஆறு வயது. அப்பா செத்த நாளிலிருந்து அவன் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண டீச்சர் நல்லவர்தான். ஆனாலும் அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "பிள்ளை வாய் திறந்து ஒரு சொல்லெண்டாலும் சொல்லோணும். இல்லாட்டி அடுத்த வகுப்புக்கு விடேலாது." அம்மா கொழுந்துக் கூடையோடு நின்று தலையாட்டினாள்.

அடுப்படித் தடுப்புப் பலகையோடு ரோபோவைச் சாய்த்து வைத்தேன். பலகையில் ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாயை டின்னுக்குள் விட்டேன். மறுமுனை என் வாயில். அடுப்படியில் குந்தியிருந்து மூக்கால் பேசுவேன்.

"இன்னைக்கு என்னா சாப்புட்ட?"

தினமும் அதே கேள்விதான். புகையில் கண் எரியும் எரிச்சலில் சிலநாள் திட்டியும் இருக்கிறேன், ரோபோ குரலிலேயே. பத்தாம் நாளோ என்னவோ, அந்தப் பக்கமிருந்து மெல்லக் கேட்டது.

"ரொட்டி."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கேட்டுவிடாதபடி குழாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பிறகு அவனும் ரோபோவும் ஓயாமல் பேசினார்கள். என்னோடு மட்டும் ஒரு சொல் கிடையாது. சொந்தத் தொண்டை மேலேயே பொறாமைப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதே வருடம், பதினைந்து வயதில் என்னைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்ப முடிவாயிற்று. போகிற அன்று உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. குழாயில் சொன்னேன்: "எனக்கு பேட்டரி முடியப் போவுது. புதுசு போட்டா திரும்பப் பேசுவேன்." குழாயை உருவிக் கூரையில் செருகிவிட்டுக் கிளம்பினேன். ஏதோ சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நினைப்பு.

தீபாவளி லீவுக்கு வந்தபோது ரோபோவைக் காணோம். அம்மாதான் சொன்னாள். நான் கிளம்பிய வாரமே தம்பி தனியாகக் கொட்டகலைக் கடைவீதிக்கு நடந்து போய், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்டிருக்கிறான்: "ரெண்டு பேட்டரி குடுங்க நானா." ஊமைப் பிள்ளை என்றே நினைத்திருந்த அந்த மனிதர் காசு வாங்கவில்லையாம்.

பேட்டரியை டின்னுக்குள் போட்டுவிட்டுத் தினமும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு மாதம் பார்த்திருக்கிறான். அப்புறம் தேயிலைக்குள் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி ரோபோவைப் புதைத்துவிட்டான்.

"அதோட அவன் வாயும் மூடிருச்சு. அடுத்த வகுப்புக்கு விட மாட்டாங்களாம்," என்றாள் அம்மா.

அவன் வாசலில் மத்தாப்பைக் கொளுத்தாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான்தான்டா ரோபோ. அக்காதான் பேசுனேன்."

அவன் நம்பவில்லை. மூக்கால் பேசிக் காட்டினேன். "இன்னைக்கு என்னா சாப்புட்ட?"

என் வாயையே வெகுநேரம் பார்த்தான். அப்பா செத்த பிறகு என் முகம் பார்த்து அவன் பேசியது அப்போதுதான்.

"அப்ப நான் கூப்புட்டப்ப ஏன் பேசல?"

கொழும்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவன் மத்தாப்பை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனான். மறுநாள் என்னை ரயிலேற்ற அம்மா மட்டும் வந்தாள்.